அலுமாரிக்கு மேலே ஒரு கிட்டார்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

போன மாதம் என்னிடம் முன்னர் படித்த ஒரு பையனின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய வாப்பாவுக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனது. தேநீர் வரும்வரை கதிரையில் இருந்தபடி அண்ணாந்து பார்த்தால், அலுமாரிக்கு மேலே பழைய சூட்கேசுக்கும் சுருட்டி வைத்த பாய்க்கும் நடுவில் ஒரு கிட்டார். ஒரு நரம்பு அறுந்து சுருண்டிருந்தது. மற்றவை துருப்பிடித்துக் கறுத்திருந்தன.

"இது யார்ட தம்பி?"

"என்டதான் சேர். நானா கத்தாரில இருந்து காசு அனுப்பி வாங்கினது. யூடியூப் பாத்து மூணு மாசம் பழகினன். எஃப் கோர்ட் வரல்ல. விட்டுட்டன்."

கதவடியில் நின்ற உம்மா சும்மா இருக்கவில்லை. "இவன் எதத்தான் முடிச்சிருக்கான் சேர்? கராட்டிக்குப் போனான், விட்டான். கொம்பியூட்டருக்குப் போனான், விட்டான். அதயும் ஆருக்காவது குடுத்துடச் சொல்லுங்க."

பையன் சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "உம்மா சொல்றது சரிதான் சேர். என்னால ஒண்டயும் முடிக்க ஏலாது."

பதினேழு வயது. அந்த ஒரு வசனம்தான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. கிட்டார் போனால் போகட்டும். "என்னால் முடியாது" என்பதைத் தன்னைப் பற்றிய உண்மையாக ஒரு பிள்ளை நம்பத் தொடங்கினால் அது கணக்குப் பாடத்துக்கும் வரும், தொழிலுக்கும் வரும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு ஆலிம்கள் இருக்கிறார்கள், கருத்து வேறுபாடுகளும் இருக்கின்றன. ஒரு கடினமான வேலையை மனிதர்கள் எப்படிப் பழகினார்கள், இடையில் விடாமல் எப்படித் தொடர்ந்தார்கள் என்பதுதான் என்னுடைய விஷயம். அதற்கு நமது வாவிக்கரையில் நல்ல வரலாறு இருக்கிறது.

அலுமாரியிலிருந்தே தொடங்கலாம். அது போர்த்துக்கேயச் சொல். நான் இருந்த கதிரையும், தேநீர் வைத்த மேசையும், வாசலில் கழற்றிய சப்பாத்தும், காலையில் சாப்பிட்ட பாணும் போர்த்துக்கேயச் சொற்களே. கிட்டார் என்ற சொல்லின் பயணம் இன்னும் நீளம். கிரேக்கத்தில் கிதாரா, அரபியில் கீஸாரா, ஸ்பானிய மொழியில் கிதார்ரா.

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினை, அதாவது அந்தலூசை, தொடாமல் ஐரோப்பாவின் நரம்புக் கருவிகளின் கதையைச் சொல்ல முடியாது. கி.பி. 822இல் பக்தாதிலிருந்து குர்துபாவுக்கு வந்து சேர்ந்தவர் ஸிர்யாப். அன்றைய அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்று வைத்துக்கொண்டார். நான்கு நரம்பு இருந்த ஊத் என்ற கருவிக்கு ஐந்தாவது நரம்பைச் சேர்த்தவர் என்றும், மரத் துண்டுக்குப் பதிலாகக் கழுகின் இறகால் மீட்டியவர் என்றும் வரலாறு அவரைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஊத்திலிருந்துதான் ஐரோப்பாவின் லூட் வந்தது. கிட்டார் அதற்கு நெருங்கிய சொந்தம்.

ஆசிரியர் என்ற வகையில் எனக்குப் பிடித்தது ஸிர்யாபின் கருவியை விட அவர் பாடம் நடத்திய முறை. பதினேழாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அல்-மக்கரீ பழைய நூல்களிலிருந்து அதை எடுத்து எழுதியிருக்கிறார். மாணவனுக்கு முதலில் தாளம் மட்டும்: பாட்டின் சொற்களைப் பறையின் தட்டுக்கு ஏற்பச் சொல்லிப் பழக வேண்டும். அது சரியான பிறகு மெட்டு, எந்த அலங்காரமும் இல்லாமல். அதுவும் படிந்த பிறகுதான் நெளிவு சுளிவுகள். வாய் திறந்து பாடத் தெரியாத மாணவனின் பற்களுக்கிடையே மரத்துண்டு வைத்துப் பழக்கினாராம்! ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்திய பாடத்திட்டம். ஒரு நேரத்தில் ஒரு சிரமம் மட்டும் என்பதே அதன் சாரம்.

நமது பையன் செய்தது இதற்கு நேர் எதிர். இடக்கை கோர்ட் பிடிக்க, வலக்கை தாளம் அடிக்க, வாய் பாட, கண் வீடியோவைப் பார்க்க, எல்லாம் ஒரே நாளில், அதுவும் முழு வேகத்தில். நான்கு சிரமத்தை ஒன்றாகத் தலையில் ஏற்றினால் எவருக்கும்தான் விட்டுவிடத் தோன்றும்.

ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி 1492இல் கிரனாடாவோடு முடிந்தது. கருவிகளும் மெட்டுகளும் முடியவில்லை. இன்று நாம் காணும் ஆறு நரம்புக் கிட்டார் அதற்கு மிகப் பிந்தியது. அதன் உருவத்தை 19ஆம் நூற்றாண்டில் செம்மைப்படுத்தியவர் அந்தோனியோ தொரெஸ் என்ற ஸ்பானியத் தச்சுக் கலைஞர். கிட்டாரே கேட்டதில்லை என்று சொல்லும் நமது மூத்தவர்களும் ஒரு கிட்டார் மெட்டை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். பழைய நோக்கியா போனின் மணியோசை, பிரான்சிஸ்கோ தார்ரேகா என்ற ஸ்பானியக் கலைஞர் 1902இல் கிட்டாருக்காக எழுதிய இசையின் ஒரு துண்டு. அல்ஹம்ராவின் நினைவில் அவர் எழுதிய இன்னொரு இசையும் உலகப் புகழ் பெற்றது.

இனி நமது கரைக்கு வருவோம்.

போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னர், 1626இல், தங்கள் கையிலிருந்த துறைமுகங்களிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்பும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள். இவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1638இல் ஒல்லாந்தர், இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கேய ஆட்சி போனது. ஆனால் இங்கே திருமணம் செய்து வேரூன்றியவர்களின் சந்ததி நின்றுவிட்டது. அவர்கள்தான் நமது பறங்கியர். ஒரே வல்லரசு ஒரு கூட்டத்தை இந்தக் கரைக்கு விரட்டியது, இன்னொரு கூட்டத்தை இதே கரையில் விட்டுவிட்டுப் போனது. நாம் அயலவர்களானது இப்படித்தான்.

மட்டக்களப்புப் பறங்கியரில் பலர் தலைமுறையாகத் தச்சர்கள், கொல்லர்கள், மெக்கானிக்குகள். டச்பார், சின்ன உப்போடை, பனிச்சையடிப் பக்கம் வாழ்ந்தவர்கள், வாழ்பவர்கள். ஆட்சி போய் முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகியும் வீட்டுக்குள் ஒரு வகைப் போர்த்துக்கேய மொழியைப் பேசினார்கள். அதோடு கப்ரிஞ்ஞா என்ற ஆட்ட இசையையும் காப்பாற்றினார்கள். வயலின், கிட்டார், மண்டலின், றபான். துள்ளிப் போகும் ஆறு எண்ணிக்கைத் தாளம். பின்னால் சிங்களத்தில் வந்த பைலா இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆடுவது என்ற போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்த பெயர். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் பாடி நம் வாப்பாமாரை ஆட வைத்ததற்குப் பின்னாலும் இந்தத் தாளம் இருக்கிறது.

அரச உதவியோ பரீட்சையோ சான்றிதழோ இல்லாமல் இந்த இசை எப்படி இத்தனை தலைமுறை தாண்டியது?

என்னோடு படிப்பிக்கும் ஒரு பறங்கிய நண்பரின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது எனக்கு விளங்கியது. வயலின் வாசித்த பெரியவருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன் கிட்டாரோடு இருந்தான். அவனுக்கு மூன்று கோர்ட்தான் தெரியும் என்பது சற்று நேரம் பார்த்தாலே தெரிந்தது. மூன்றும் வரும் இடத்தில் வாசித்தான். தெரியாத இடம் வந்தால் கையை நிறுத்தித் தாளத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினான். ஒருவரும் அவனை ஏசவில்லை, எழும்பிப் போகச் சொல்லவுமில்லை. பாட்டு அவனுக்காக நிற்கவுமில்லை. அடுத்த கல்யாணத்துக்கு அவன் நான்காவது கோர்டோடு வருவான். ஏனென்றால் அடுத்த கல்யாணத்துக்குத் திகதி குறித்தாயிற்று. தாளில் எழுதிய இசை இல்லை. காது, பக்கத்தில் ஒரு பெரியவர், முன்னால் ஒரு திகதி. இந்த மூன்றும்தான் அவர்களுடைய கல்லூரி.

இதன் மறுபக்கமும் உண்மை. பல குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்கும் வேறு நாடுகளுக்கும் போய்விட்டன. 2004 ஆழிப்பேரலை டச்பாரில் செய்த அழிவை நாம் அனைவரும் கண்ணால் கண்டோம். வீட்டில் அந்த மொழி பேசுபவர்கள் குறைந்துவிட்டார்கள். லிஸ்பன் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவின் குழு வந்து மொழியையும் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து பாதுகாத்திருக்கிறது. பெரிய உதவி அது. ஆனால் ஒலிப்பதிவு ஒரு பிள்ளையைப் பழக வைக்காது. ஆடுவதற்குக் கல்யாணம் இருக்கும்வரைதான் வாசிப்பதற்குக் கை இருக்கும்.

இது பறங்கியருக்கு மட்டும் உரிய பாடமல்ல. மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, ஆடுகிறவர்கள் பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் வேலை செய்கிறவர்கள். இரவில் களரியில் பழகுவார்கள். அண்ணாவியார் முதலில் ஒவ்வொருவருக்கும் உரிய பாத்திரத்தைப் பிரித்துக் கொடுப்பார். சட்டம் கொடுத்தல் என்று பெயர். பிறகு மாதக்கணக்கில் தாளக்கட்டும் ஆட்டமும் பாட்டும். நடுவில் சதங்கை அணிதல்: பழக்கம் இன்னும் முடியாத நிலையிலேயே காலில் சதங்கை கட்டி ஊரார் முன் ஆடிக் காட்டுவார்கள். பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது முழுக் கூத்தையும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. கடைசியில்தான் அரங்கேற்றம்.

சதங்கை அணிதலை யோசித்துப் பாருங்கள். நீண்ட பயிற்சியின் நடுவில்தான் மனம் சோரும். தொடக்கத்தின் புதுமை தீர்ந்திருக்கும், முடிவு கண்ணில் தெரியாது. சரியாக அந்த இடத்தில் நமது முன்னோர் ஒரு சிறிய விழாவை வைத்தார்கள். எங்கள் பையன் கிட்டாரை விட்டது மூன்றாவது மாதம். அவனுக்குச் சதங்கை கட்ட ஒருவரும் இருக்கவில்லை.

நமது பொல்லடியிலும் இதே அறிவு இருக்கிறது. மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக வேகமெடுக்கும். மெதுவில் படியாதவன் வேகத்தில் பிசகுவான்; பக்கத்தில் நிற்பவரின் பொல்லு விரலில் விழும்போது பாடம் விளங்கும்!

கூட்டமே இல்லாமல் தனியாக உழைத்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். பெரிய உதாரணம் நமது சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892இல் பிறந்தவர், விஞ்ஞானம் படித்த ஆசிரியர். மறைந்து போன யாழ் என்ற நரம்புக் கருவியைப் பழந்தமிழ் நூல்களிலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டெடுக்க ஏறத்தாழ பதினான்கு வருஷம் உழைத்தார். அதே காலத்தில் பாடசாலை வேலை, இமயமலை மாயாவதியில் ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியப் பொறுப்பு, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, எல்லாம் இருந்தன. ஆராய்ச்சி சில காலம் மெதுவாகப் போனது, ஆனால் கைவிடப்படவில்லை. 1947 ஜூனில் தமிழ்நாட்டுத் திருக்கொள்ளம்பூதூரில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ் நூல் அரங்கேறியது. ஆறு கிழமை கழித்து ஜூலை 19இல் சுவாமி காலமானார். அந்தத் தனிமை உழைப்புக்கும் முன்னால் ஓர் அரங்கேற்றம் இருந்தது, ஆதரித்து நின்ற ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். கல்லடியால் போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைவு வரும்.

இக்கால ஆராய்ச்சி ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993இல் அண்டர்ஸ் எரிக்சனும் இருவரும் பேர்லின் இசைக் கல்லூரியின் வயலின் மாணவர்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சிறந்த மாணவர்கள் கிழமைக்கு 24 மணித்தியாலமளவில் தனியாகப் பழகினார்கள். இசை ஆசிரியராகப் போகப் படித்த மாணவர்கள் 9 மணித்தியாலமளவில். இதிலிருந்துதான் பத்தாயிரம் மணித்தியாலக் கதை பிறந்து உலகெல்லாம் பரவியது. எரிக்சனே பின்னர் அந்தச் சுருக்கத்தை ஏற்கவில்லை. மணிக்கணக்கை விட முக்கியமான இரண்டு செய்திகள் அந்தக் கட்டுரையில் உண்டு. ஒன்று, அவர்கள் ஒரே இருப்பில் நாள் முழுக்கப் பழகவில்லை. துண்டு துண்டாக, இடையில் ஓய்வெடுத்து, நன்றாகத் தூங்கிப் பழகினார்கள். இரண்டு, தனியாகப் பழகுவது மிகப் பயனுள்ளது என்று சொன்ன அதே மாணவர்கள் அதை மிகச் சந்தோஷமான வேலை என்று சொல்லவில்லை.

இது பெரிய ஆறுதல். பழகும்போது அலுப்பு வந்தால் "எனக்கு ஆர்வமில்லை, இது எனக்கு உரியதல்ல" என்று பிள்ளைகள் முடிவு கட்டுகிறார்கள். இல்லை. மிகச் சிறந்தவர்களுக்கும் அது கசப்புத்தான். அந்தக் கசப்பைத் தாண்ட வைப்பது பக்கத்தில் ஓர் ஆளும் முன்னால் ஒரு திகதியும்.

நமது ஹிப்ழு மதரஸாக்களுக்கும் இது புதிதல்ல. இறைவேதத்தை ஒரு கருவியோடு நான் ஒப்பிடவில்லை, மனித மனம் பழகும் விதத்தை மட்டும் சொல்கிறேன். அங்கே ஒரு பிள்ளை புதுப் பாடத்தை மட்டும் ஒப்புவிப்பதில்லை. இன்றைய பாடம், சில நாளுக்கு முந்திய பாடம், முன்பே முடித்த பழைய ஜுஸ்உ, மூன்றும் நாள்தோறும் வரும். கேட்பதற்கு உஸ்தாத் இருப்பார். பழையதைத் திருப்பாமல் புதியதை மட்டும் துரத்தினால் எல்லாமே கையை விட்டுப் போகும் என்று அந்தப் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் யோசித்துக்கொண்டு மறுகிழமை அந்த வீட்டுக்குத் திரும்பப் போனேன். கல்வியியற் கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் அறைத் தோழனின் கிட்டாரில் நானும் நாலு கோர்ட் பழகிவிட்டு விட்டவன்தான். அதனால் உபதேசம் பண்ண எனக்கு உரிமை குறைவு என்று முதலிலேயே ஒப்புக்கொண்டேன். பிறகு இருவருமாக ஒரு திட்டம் போட்டோம். வேறு பிள்ளைகளுக்கும் உதவலாம்:

1. கிட்டார் அலுமாரிக்கு மேலே இருக்கக் கூடாது. கை எட்டும் இடத்தில், கண்ணில் படும்படி இருக்க வேண்டும். எடுப்பதற்கே ஸ்டூல் தேவைப்பட்டால் எவரும் எடுக்கமாட்டார்கள்.

2. புது நரம்பு, மெல்லிய வகை. கடற்காற்றும் வாவி ஈரமும் இரும்பு நரம்பைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். விரல் நுனி நோவது முதல் சில கிழமைக்குத்தான், தோல் தடிப்பாகிவிடும்.

3. நாளுக்கு இருபது நிமிஷம். நேற்றைய பாடம் ஐந்து, புதியது பத்து, முன்பே தெரிந்த பாட்டு ஐந்து. வெள்ளிக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் இருந்து பழகுவதை விட இது எவ்வளவோ மேல்.

4. எஃப் கோர்டில் ஒரு விரல் ஆறு நரம்பையும் அழுத்த வேண்டும். கழுத்தின் தொங்கலில், முதலாவது கட்டில், அது மிகக் கடினம். அதே கைவடிவத்தை ஐந்தாவது கட்டில் பிடித்தால் இலகு. அங்கே பழகி, கிழமைக்கு ஒரு கட்டாகக் கீழே இறங்கலாம். அப்போதும் கடினமாக இருந்தால் பிழை பிள்ளையில் இல்லாமலும் இருக்கலாம்; மலிவான கிட்டார்களில் நரம்பு பலகையை விட்டு அதிகம் உயர்ந்து நிற்கும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சீராக்கலாம்.

5. ஸிர்யாபின் ஒழுங்கு: முதலில் தாளம், பிறகு கோர்ட், கடைசியில் பாட்டு. பிழைக்கும் இரண்டு கோர்ட் மாற்றத்தை மட்டும் எடுத்து, பிழையில்லாமல் வரும் அளவுக்கு மெதுவாக.

6. ஒரு கூட்டாளி. இவனுக்கு மேசையில் தாளம் தட்டும் சிநேகிதன் ஒருவன் கிடைத்திருக்கிறான்.

7. ஒரு திகதி. பத்துக் கிழமை கழித்து எங்கள் பழைய மாணவர் ஒன்றுகூடல். ஒரு பாட்டு, மூன்று கோர்ட். நடுவில் ஐந்தாவது கிழமை என் வீட்டு விறாந்தையில் நாலு பேருக்கு முன்னால் வாசிக்க வேண்டும். அதுதான் அவனுடைய சதங்கை அணிதல்.

இன்று நான்காவது கிழமை. எஃப் கோர்ட் இன்னும் முதலாவது கட்டுக்கு வரவில்லை, மூன்றாவது கட்டில் நிற்கிறது. ஒரு கிழமை இரண்டு நாள் தொடவே இல்லையாம். மூன்றாம் நாள் கூட்டாளி வந்து வாசலில் நின்றதால் எடுத்தானாம். முன்பென்றால் அந்த இரண்டு நாளோடு கதை முடிந்திருக்கும். நேற்று உம்மா போனில் சொன்னார்: "இப்ப பின்னேரமெல்லாம் ஒரே சத்தம் சேர். மஃரிபுக்கு வாங்கு கேட்டா மட்டும் நிப்பாட்டுறான்." ஏசுவது போலத்தான் சொன்னார். ஆனால் யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லவில்லை.

அவன் பெரிய கலைஞனாக வருவானா என்பது எனக்கு முக்கியமில்லை. தொடங்கிய ஒன்றை முடித்த அனுபவம் வாழ்க்கையில் ஒரு தடவையாவது அவன் கையில் இருக்க வேண்டும். அடுத்த "ஏலாது" வரும்போது எடுத்துப் பார்க்க அது உதவும், இன்ஷா அல்லாஹ்.

பறங்கியர் கல்யாண இசையை, கூத்துப் பழகிய இரவுகளை, பொல்லடி பழக்கிய அண்ணாவிமாரை நேரில் கண்டவர்கள் கீழே உங்கள் நினைவுகளை எழுதுங்கள். இளம் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். இன்னொன்று: வாசித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒருமுறை பாருங்கள். தையல் மெசினோ, தூரிகைப் பெட்டியோ, பாதியில் நின்ற புத்தகமோ, ஏதாவது ஒன்று இறங்கி வரக் காத்திருக்கலாம்.